காசு வாங்கினால் உரிமையும் போய்விடுமா? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களின் கேள்விகள்

பதின்மூன்று வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து கட்டுரை, மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம் என்று கேட்டதை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஒருமுறை நன்றாகச் சூடுபட்ட பிறகு 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். அதிலிருந்து, அக்ரிமென்ட் வந்தால் நண்பர்கள் எனக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் இவை. 'காப்புரிமை' என்ற சொல் பேட்டன்ட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பதால் இங்கே 'பதிப்புரிமை' என்றே எழுதுகிறேன்.

அக்ரிமென்டில் 'ஒர்க் ஃபார் ஹயர்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படி என்றால் என்ன?

அது அமெரிக்கச் சரக்கு. 1976ஆம் வருட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. ஒரு படைப்பு 'ஒர்க் ஃபார் ஹயர்' ஆகிவிட்டால், ராத்திரி கண் விழித்து எழுதியது நீங்களாகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் நீங்கள் இல்லை, எழுதச் சொன்னவர்தான். நீங்கள் உரிமையை விற்றதாகக்கூட ஆகாது. உங்களிடம் அது இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அமெரிக்காவில் உரிமையை எழுதிக்கொடுத்த எழுத்தாளர் 35 வருடம் கழித்து நோட்டீஸ் கொடுத்துத் திரும்ப வாங்க வழி உண்டு. ஒர்க் ஃபார் ஹயர் என்றால் அந்தக் கதவும் அடைப்பு. கம்பெனி வக்கீல்களுக்கு அந்த வார்த்தை மேல் அத்தனை பிரியம் ஏன் என்று இப்போது புரியும்.

அங்கேயும் வெறுமனே காகிதத்தில் எழுதிவிட்டால் ஆகிவிடாது. ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால் தானாகவே ஆகும். வெளியாள் எழுதினால், சட்டம் சொல்லும் ஒன்பது வகைகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும்: தொகுப்பில் ஒரு பகுதி, திரைப்படத்தின் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பு, பாடப் புத்தகம், தேர்வுக் கேள்விகள் என்று போகிறது அந்தப் பட்டியல். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வேண்டும். தனி நாவல் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்தியச் சட்டத்தில் இந்தச் சொல் கிடையாது.

அப்படியானால் இந்தியாவில் நான் காசுக்கு எழுதியது யாருக்குச் சொந்தம்?

வேறு மாதிரி எழுதிக்கொடுக்காத வரை உங்களுக்கு. சட்டத்தின் 17ஆம் பிரிவு, எழுதியவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. பிறகு சில விலக்குகளைச் சொல்கிறது. அந்த விலக்குகளில்தான் வேடிக்கை.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். பெண் வீட்டார் காசு கொடுத்துப் போட்டோகிராபரை வரவழைக்கிறார்கள். அதே வீட்டார் உங்களுக்கும் காசு கொடுத்து ஒரு வாழ்த்துப்பா எழுதி வாங்கி, லேமினேஷன் போட்டு மண்டப வாசலில் மாட்டுகிறார்கள். தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லை. போட்டோக்களின் பதிப்புரிமை பெண் வீட்டாருக்கு. வாழ்த்துப்பாவின் பதிப்புரிமை உங்களுக்கு! காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்ற விதி புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு மட்டும்தான். எழுத்து அந்த வரிசையில் இல்லை.

'காசு கொடுத்தாச்சு, இனி அது எங்களுது' என்று கிளையன்ட் சொன்னால், அவர் போட்டோகிராபர் விதியை உங்கள் மேல் போடுகிறார் என்று அர்த்தம். கூலி வேறு, உரிமை வேறு. இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

மாதாமாதம் ஒரே தொகை தருகிறார்கள். நான் ஊழியர் ஆகிவிடுவேனா?

ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போய்விடும் என்பதால்தான் இந்தப் பயம். தொகை ஒரே மாதிரி வருவதால் மட்டும் ஆகிவிட மாட்டீர்கள். சட்டம் கேட்பது, நீங்கள் பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியராக இருக்கிறீர்களா, அந்த வேலையின் பகுதியாக எழுதினீர்களா என்பதை. பிஎஃப் பிடிக்கிறார்களா, லீவு கேட்க வேண்டுமா, இத்தனை மணிக்கு வா என்று சொல்கிறார்களா, அவர்கள் லேப்டாப்பா உங்கள் லேப்டாப்பா, வேறு கிளையன்ட் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சிற்பி வழக்கில் இதே மாதிரிதான் பார்த்தது. சிலை செய்யச் சொன்ன அமைப்பு இப்படிச் செய், அப்படிச் செய் என்று நிறைய யோசனை சொல்லியிருந்தும், சிற்பி சொந்தக் கருவியோடு சொந்தப் பட்டறையில் வேலை செய்தவர், அதனால் அவர் ஊழியர் இல்லை என்று தீர்ப்பானது.

நம் பக்கத்தில் கேரளத்து வழக்கு ஒன்று உண்டு. 'போபனும் மோளியும்' என்ற கார்ட்டூன் ஜோடியை உருவாக்கிய டாம்ஸ், மலையாள மனோரமாவில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வெளியே வந்து அதே பாத்திரங்களை வரையக் கூடாது என்று பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது. வேலையில் இருந்தபோது வரைந்த கார்ட்டூன்கள் விஷயம் வேறு, இனிமேல் வரைவதைத் தடுக்க முடியாது என்றது கேரள உயர் நீதிமன்றம். அந்தக் குட்டிகள் இரண்டும் அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே பிறந்தவை. ஆகவே எங்காவது ஊழியராகச் சேருவதற்கு முன், கையில் ஏற்கெனவே இருக்கும் கதை, பாத்திரம், தொடர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு நியமனக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடலாமா?

வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் போடலாம். பத்திரிகை ஊழியருக்குச் சட்டம் தனி விதி வைத்திருக்கிறது. பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்கு, மற்றவை எழுதியவருக்கு. ஆனால் இப்போது வரும் நியமனக் கடிதங்களில் 'வேறு ஒப்பந்தம்' ஏதாவது ஒரு பக்கத்தில் பதுங்கியிருக்கும். முதலில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள்.

அக்ரிமென்டில் கையெழுத்துப் போடப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

'ஒர்க் ஃபார் ஹயர்' என்ற வரியை விட்டுத்தள்ளி, அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 'அப்படி இல்லாத பட்சத்தில் எழுத்தாளர் இதன்மூலம் எல்லா உரிமைகளையும் அசைன் செய்கிறார்' என்று இருக்கும். கத்தி அந்த வரியில்தான் இருக்கிறது. அசைன் என்றால் உரிமையை எழுதிக்கொடுப்பது. வீட்டுக்குக் கிரயப் பத்திரம் மாதிரி. லைசென்ஸ் என்றால் வாடகைக்கு விடுவது. வீட்டு விஷயத்தில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. எழுத்து என்று வந்தால் கிரயத்துக்கு வாடகைப் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இன்னும் எழுதாத படைப்பின் உரிமையைக்கூட முன்கூட்டியே எழுதிக்கொடுக்கலாம். படைப்பு உருவாகும் அன்று அது அமலுக்கு வரும். ஆனால் 19ஆம் பிரிவு சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த இடம், எவ்வளவு பணம் என்று சொல்லியிருக்க வேண்டும். காலத்தைச் சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம்தான். இடத்தைச் சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை என்றால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொன்னாலொழிய. அந்த 'வேறு மாதிரி'தான் அக்ரிமென்டின் கடைசிப் பக்கங்களில் '19(4) பிரிவு பொருந்தாது' என்று ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அடித்துவிடக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் அடித்துவிடுவார்கள்.

அமெரிக்க மாதிரியில் தயாரான தாள்களில் இடம் 'பிரபஞ்சம் முழுவதும்' என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய் கிரகத்தில் என் சமையல் குறிப்பை யார் படிப்பார்களோ.

நீங்கள் சூடுபட்ட கதை என்ன?

குழந்தைகளுக்குக் குட்டிக் கதைகள் அறுபது. கதைக்கு நானூறு ரூபாய். அப்போது கையில் வேறு வேலை இல்லை. ஆறு பக்க அக்ரிமென்டை மொபைலில் திறந்து, கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்துத் திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா பையன் சோறு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்க, அக்கா போனில் ஒரு கதையை ஓட விட்டாள். கழுதைக்குக் காய்ச்சல் வந்த கதை. கழுதை தும்மும் இடத்தில் நான் போட்ட அதே 'அச்சூம்' வந்தது. சந்தா கட்டிக் கேட்கும் ஆடியோ ஆப். என் பெயர் எங்கும் இல்லை.

அக்ரிமென்டைத் தேடிப் பார்த்தேன். 'எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்று தெளிவாகவே இருந்தது. அவர்கள் சட்டப்படிதான் செய்திருக்கிறார்கள். கிரயம் என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்கு நான் கொடுத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். அக்கா பையன் அன்றைக்கு முழுச் சோறும் சாப்பிட்டான் என்பது ஒரு ஆறுதல்.

சரி, நீங்கள் இப்போது எப்படி எழுதிக்கொடுக்கிறீர்கள்?

பெரும்பாலும் வாடகைக்குத்தான். போன வருடம் ஒரு கிளையன்டுக்கு அனுப்பிய பத்தி இது:

'அட்டவணையில் உள்ள பன்னிரண்டு கட்டுரைகளைக் கிளையன்ட் தன் இணையதளத்திலும் அச்சு இதழிலும் தமிழில் வெளியிடலாம். காலம் மூன்று வருடம். இடம் உலகம் முழுவதும். ஒலி வடிவம், மொழிபெயர்ப்பு, திரை வடிவம், கணினி (ஏஐ) மாதிரிகளைப் பயிற்றுவித்தல் ஆகியவை இதில் அடங்கா. முழுத் தொகையும் எழுத்தாளர் கணக்கில் வந்த நாளில் இந்த அனுமதி தொடங்கும்.'

இடத்தை 'இந்தியா' என்று போட்டிருந்தேன். இணையதளத்துக்கு எல்லை ஏது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயம்தான், மாற்றினேன். பதிலுக்கு மூன்று வருடத்தை ஐந்தாக்கக் கேட்டார்கள், நான் மாட்டேன் என்றேன். கடைசியில் அவர்கள் பக்கத்து அக்கவுன்ட்ஸ் தம்பிதான் 'மூணு வருஷம் கழிச்சு இந்தக் கட்டுரைய யாரு சார் பாக்கப்போறா' என்று சொல்லி முடித்துவைத்தார்.

விளம்பர வாசகம், பொருள் விவரம் மாதிரி எனக்கு மறுபடி பயன்படாத எழுத்தை மொத்தமாகவே கொடுத்துவிடுகிறேன். சோப்புக் கவரில் உள்ள நாலு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? கதை, கட்டுரைத் தொடர், பாத்திரம் என்றால் மட்டும் பிடிவாதம்.

பணம் தரவில்லை. உரிமை தானாகத் திரும்பி வந்துவிடுமா?

வராது. கையெழுத்துப் போட்ட அன்றே உரிமை மாறும்படி பத்திரம் இருந்தால், பாக்கி என்பது வெறும் கடன்தான். மேலே உள்ள பத்தியின் கடைசி வாக்கியம் அதற்காகத்தான் இருக்கிறது. எழுதிக்கொடுத்த உரிமையை ரத்து செய்யக் கேட்க 19ஏ பிரிவில் வழி உண்டு. ஆனால் எழுதிக்கொடுத்து ஐந்து வருடம் ஆவதற்கு முன் ரத்து உத்தரவு போட முடியாது.

பணத்துக்கு வேறு ஆயுதம் இருக்கிறது. சிறு தொழில்களைப் பதிய மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தம் எவ்வளவு நாள் கேட்டாலும் நீங்கள் முடித்துக்கொடுத்த வேலையைக் கிளையன்ட் ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டி. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிந்திருப்பது நல்லது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு எனக்கு வரும் 'அடுத்த வாரம் பார்க்கலாம் சார்' குறைந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் 'ஓகே' சொன்னால் உரிமை போய்விடுமா?

வேலைக்கான ஒப்பந்தம் அதிலேயே உருவாகிவிடலாம். எவ்வளவு, எப்போது என்பதற்கெல்லாம் அந்த மெசேஜ் சாட்சி. உரிமையை எழுதிக்கொடுக்க மட்டும் கையெழுத்து வேண்டும். ஆதார் வழி இ-சைன் போன்ற மின்கையெழுத்தும் கையெழுத்துதான், 'ஸ்கிரீனில்தானே கிளிக் செய்தேன்' என்று தப்பிக்க முடியாது.

உரிமையை விற்றுவிட்டேன். பெயர் போடச் சொல்லலாமா?

57ஆம் பிரிவு அதற்குத்தான். இது எழுதியது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், மானம் போகும் அளவுக்குப் படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் பதிப்புரிமையை விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியின் நாவலைப் படமாக எடுத்தவர்கள் கதையைக் குதறிவிட்டார்கள் என்று வழக்கு வந்தபோது, 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு நல்ல பலம் கொடுத்தது.

ஆனால் வேறொருவர் பெயரில் எழுதிக்கொடுக்கும் வேலையில் 'பெயர் கேட்க மாட்டேன்' என்று நீங்களே எழுதித் தருகிறீர்கள். ஒருவர் விரும்பி விட்டுக்கொடுத்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் உண்டு. அரசியல்வாதியின் சுயசரிதை, டாக்டரின் வாரப் பத்தி என்று அந்த வேலைக்குப் போகும்போது விலையைக் கூட்டுங்கள். பெயருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறீர்கள்.

சினிமாவுக்கு எழுதினால்?

1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதிய பாட்டு, போட்ட இசை எல்லாம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே என்ற நிலையை உறுதி செய்தது. முப்பத்தைந்து வருடம் பாடலாசிரியர்கள் வானொலியில் தங்கள் பாட்டைக் கேட்டு ரசித்ததோடு சரி. 2012 திருத்தம் அதை மாற்றியது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர்களில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தரும் ஒருவர். இப்போது, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. எழுதி வாங்கினாலும் செல்லாது.

கதை சொல்லப் போன இடத்தில் ஐடியாவைத் திருடிவிட்டார்கள் என்ற புகார் வேறு ரகம். ஐடியாவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை விரித்து எழுதிய விதத்துக்குத்தான் என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், காட்சி காட்சியாக எழுதி மெயிலில் அனுப்புங்கள்.

மொழிபெயர்ப்பு யாருக்குச் சொந்தம்?

மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் தமிழ் வாக்கியங்கள் தனிப் படைப்பு, அதன் உரிமை உங்களுக்கு. பதிப்பாளர்கள் இதை மறந்துவிடுவார்கள். இரண்டாம் பதிப்புக்கு என்ன தொகை என்று முதல் பதிப்பின்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அரசுத் துறைக்கு எழுதிக்கொடுத்தால்?

இங்கே கதை தலைகீழ். அரசின் ஏற்பாட்டில் உருவான படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அரசே முதல் உரிமையாளர். பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அப்படியே.

பழைய அக்ரிமென்டைக் காட்டி என் எழுத்தைக் கிளையன்ட் ஏஐ-க்குத் தீனி போடலாமா?

2012 திருத்தத்தில் உள்ள ஒரு விதி இப்போதுதான் பிரகாசிக்கிறது. எழுதிக்கொடுத்த நேரத்தில் இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கும் பயன்பாட்டு முறைக்கும், அதைக் குறிப்பிட்டுச் சொல்லாத வரை, அந்த உரிமை மாற்றம் பொருந்தாது. 2014இல் 'எல்லா உரிமைகளும்' என்று எழுதிக்கொடுத்ததில் கணினி மாதிரியைப் பயிற்றுவிப்பதும் அடக்கம் என்று ஒருவர் சொன்னால், இந்த விதியைக் காட்டி எதிர்த்துப் பேசலாம் என்பது என் கட்சி. அனுமதி இல்லாமல் பயிற்றுவிப்பது தவறா என்பதே தனிச் சண்டை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது அதற்காகத்தான். புது அக்ரிமென்டில் அந்தப் பயன்பாடு பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தால் உங்களுக்கு அந்த விதி கைகொடுக்காது. அடியுங்கள், இல்லையென்றால் தனி விலை சொல்லுங்கள்.

பதிவு செய்தால்தான் உரிமையா?

இல்லை. எழுதி முடித்த நொடியில் உரிமை வந்துவிடும். பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான். இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் பரணில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேதியோடு கிளையன்டுக்குப் போன மெயில் அதைவிட உருப்படியான சாட்சி.

எனக்குப் பிறகு யாருக்கு?

எழுதிக்கொடுக்காமல் விட்டதெல்லாம் வாரிசுகளுக்கு, உங்கள் இறப்புக்குப் பின் 60 வருடம். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கியதிலிருந்து தொடங்கிய நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுக்கும், பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் வாரிசிடம் உரிமை மீதி இருந்தால்தான் அவர் அரசிடம் கொடுக்க முடியும்.

விற்ற கட்டுரையை என் மாதிரிப் படைப்பாகக் காட்டலாமா?

எழுதியது நான்தான் என்று சொல்லலாம், வெளியான இடத்துக்கு லிங்க் கொடுக்கலாம். முழுக் கட்டுரையையும் உங்கள் தளத்தில் ஏற்றுவது பிரதி எடுப்பது ஆகிவிடும், அதற்கு இப்போது அவர்கள் அனுமதி வேண்டும். அக்ரிமென்ட் பேசும்போதே 'எழுத்தாளர் தன் மாதிரிப் படைப்பாகக் காட்டிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதுவரை எனக்கு அதை மறுத்தவர் ஒரே ஒருவர். அவருக்கு எழுதிக்கொடுத்தது மூலிகைத் தைலத்தின் பாட்டில் லேபிள்.